இன்னும் ஓர் இழுப்பு

துணியைப் போட்டு மூடியது நான்தான். கஸ்தூரியைக் கேட்காதே. அவளுக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். போன வாரம் ஒரு மதியம், அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போயிருந்த நேரத்தில், எண்ணெய் துடைக்க வாங்கிவைக்கும் பனியன் வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவி, நானே ஏறி, நீ ஷெட்டில் மாட்டிய கேமராவின் மேல் போட்டேன். பச்சைத் துண்டு. யாரோ போட்டுக் கிழித்தது. கழுத்துத் தையல்கூட அப்படியே இருந்தது. இறங்கி அண்ணாந்து பார்த்தபோது, குளிருக்குக் குல்லா மாட்டிய குழந்தை மாதிரி தெரிந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்திருந்து நேற்று போனில் கேட்டாய். "ஏம்மா மூடின? எங்கிட்ட எதை மறைக்கிற?" நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை. கேள்வி சரியாக இருந்தது. சரியான கேள்விக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் கிடையாது. இன்று இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கரன்ட் இல்லை, மாதாந்தரப் பராமரிப்பு. பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஓடவில்லை. எதிர்ச் சாரியில் யாரோ இருமுவதுகூடக் கேட்கிறது. கரன்ட் வரும்வரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நிவேதாவும் படிப்பாள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். வேறு யார் படித்தாலும் பரவாயில்லை. சோர்வில் ஒரு வசதி இருக்கிறது. வெட்கம் குறைந்துவிடுகிறது.

கல்யாணமான புதிதில் நிவேதா கேட்டாள், அத்தை, ஷெட்டில் நீங்கள் சரியாக என்ன வேலை செய்கிறீர்கள் என்று. நீ முந்திக்கொண்டு "மெஷின் ஷாப்" என்று முடித்துவிட்டாய். அவளிடம் இப்படிச் சொல். என்ஜினின் உடம்பு அலுமினியம். அதில் முறுக்குகிற போல்ட் இரும்பு. இரண்டையும் பிடித்துவைத்திருப்பது மரை. ஓட்டையின் உள்சுவரில் சுற்றிச் சுற்றி இறங்கும் மெல்லிய பள்ளம், அவ்வளவுதான். போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் இரும்புக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியம்தான் உரியும். இறுகும், இறுகும், இன்னும் இறுகும், பிறகு ஒரு நொடியில் எதிர்ப்பே இருக்காது. போல்ட் சும்மா சுற்றும். அந்த நொடியில் முறுக்கியவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தோடுதான் எல்லோரும் நம் ஷெட்டுக்கு வருகிறார்கள். ஆட்டோக்காரர்கள், தண்ணீர் லாரி மெக்கானிக்குகள், ஞாயிற்றுக்கிழமை தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றப் போன கம்ப்யூட்டர்காரர்கள்.

வந்ததும் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். "நான் ஒண்ணுமே பண்லக்கா. லேசா வெச்சேன், அதுவா சுத்திகிச்சு." கஸ்தூரி விடமாட்டாள். "ஆமாமா, பேய் வந்து முறுக்கிட்டுப் பூட்டுது. அட்ரஸ் குடு, அதாண்டயே கேட்டுக்கிறேன்." அவர்கள் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். அந்த உண்மையும் எப்போதும் ஒன்றுதான். அலட்சியக்காரனுடைய போல்ட் கழன்று ரோட்டில் விழும்; அவன் என்னிடம் வருவதில்லை, வேறு போல்ட் வாங்கப் போவான். என்னிடம் வருபவன் பயந்தவன். பூந்தமல்லி ஹைரோட்டில் கழன்றால்? பிள்ளைகள் வண்டியில் இருக்கும்போது கழன்றால்? போதும் என்று கைக்குத் தெரிந்த பிறகும், மனசு கேட்காமல், இன்னும் ஓர் இழுப்பு. அந்த ஓர் இழுப்பில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

உரிந்த மரையைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மிச்சம் இருப்பதையும் எடுத்துவிட வேண்டும். ஓட்டையைப் பெரிதாக்கி, டேப் என்கிற மரை வெட்டும் கம்பியைக் கையால் திருகி இறக்கி, புதுப் பள்ளம் வெட்டி, அதற்குள் ஓர் எஃகுச் சுருளைப் பொருத்த வேண்டும். அதைக் காயில் என்போம். காயிலின் உட்புறம் பழைய அளவு. அதே போல்ட், அதே இடம், முன்னைவிடப் பலம். இதிலிருந்து வாழ்க்கைக்கு ஏதாவது எடுத்துச் சொல்லப்போகிறேன் என்று பயப்படாதே. எம்.ஏ. படித்த காலத்தில் எதைப் பார்த்தாலும் இன்னொன்றாகத் தெரிந்தது. இப்போது ஓட்டை வெறும் ஓட்டைதான். அதில் ஒரு நிம்மதி.

காயிலுக்கு ஒரு வால் உண்டு. அதைப் பிடித்துத்தான் உள்ளே திருகுகிறோம். காயில் உட்கார்ந்ததும் அந்த வால் வேண்டாதது. மூக்குப் பிளையரால் உடைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். அரிசி நொய் அளவு இருக்கும். உள்ளே விழுந்தால் என்ஜின் அதை மென்று தன்னையே கெடுத்துக்கொள்ளும். அதனால் நம் ஷெட்டில் ஒரு வழக்கம் வைத்தேன். உடைத்த வாலை மேஜைமேல் இருக்கிற வெள்ளைப் பீங்கான் தட்டில் வைக்க வேண்டும். வண்டியை எடுக்க வருபவர் கையில் அந்த வாலைக் கொடுத்த பிறகுதான் வண்டி வெளியே போகும். ஆவடி ஆட்டோ ஸ்டாண்டில் இது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. "வேலை முட்ஞ்சிதா?" என்று கேட்கமாட்டார்கள். "வாலு வாங்கினியா?" என்பார்கள். சிலர் அதைக் கண்ணாடிக்குக் கீழே சாமி படத்தோடு ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

உன் அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஷெட்டில் அவர் கை அளவானது. வீட்டில் அப்படி இல்லை. சமையலறைக் குழாயை அவர் மூடினால் நான் திறக்கத் துணி சுற்ற வேண்டும். ஊறுகாய் பாட்டில், எண்ணெய் டின், கேஸ் ரெகுலேட்டர், எல்லாவற்றுக்கும் இன்னும் ஓர் இழுப்பு. ஒழுகிவிடக் கூடாது, கொட்டிவிடக் கூடாது. நீ சின்ன வகுப்பில் படித்தபோது ஒரு வெயில் நாளில் வாடிப்போய் வந்தாய். உதடு வெடித்திருந்தது. பையில் தண்ணீர் பாட்டில் அப்படியே ததும்பத் ததும்ப. அப்பா காலையில் மூடிக் கொடுத்தது. உன்னால் திறக்க முடியவில்லை. டீச்சரிடம் கேட்க வேண்டியதுதானே என்றேன். "அப்பா மூடினதுன்னு சொன்னா சிரிப்பாங்கம்மா" என்றாய். நாள் முழுக்கத் தண்ணீரைச் சுமந்துகொண்டு தாகத்தோடு இருந்திருக்கிறாய், அப்பாவுக்காக. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் லேசாக மூடிக் கொடுத்தார். கணக்கு நோட்டு முழுக்க நனைந்துவிட்டது. அதற்கும் அவர்தான் குற்றவாளிபோல நின்றார். அவர் போனபிறகு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த இரண்டு காலைகள்தான்.

போன மாதம் பாரிவாக்கத்தில் உங்கள் புது ஃபிளாட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்ற வந்த நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, விரல்ல என்ன இது? கொப்புளமா?" நானே அப்போதுதான் பார்த்தேன். முந்தின நாள் வெல்டிங் வைத்த என்ஜின் கேசிங்கை ஆறுவதற்குள் தொட்டிருக்கிறேன். தொட்டது நினைவிருக்கிறது. சுட்டது நினைவில் இல்லை. நீ கேட்டாய், "எப்பலேர்ந்து இப்படி?" நான் சும்மா சுகர்தான், நடுவில் கொஞ்சம் மரத்துப்போகும் என்றேன். நீ பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனாய். குழாய் வெகுநேரம் ஓடியது.

அடுத்த ஞாயிறு நீ கேமராவோடு வந்தாய். சுவரில் துளை போடும்போது கஸ்தூரி அண்ணாந்து பார்த்து, "இன்னா தம்பி, இங்க இன்னா நகைக்கடையா நடக்குது?" என்றாள். "அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எனக்குத் தெரியணும்ல, கஸ்தூரிக்கா." "நான் கீறேனே. நான் சொல்ல மாட்டேனா?" நீ அதற்குப் பதில் சொல்லவில்லை. டிரில்லிங் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ. அவளுக்கு நீ பதில் சொல்லாதது மட்டும் கேட்டது. அவள் வெள்ளானூரிலிருந்து பஸ் மாறி வருகிறவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் இப்போது உங்கள் மாதிரி ஃபிளாட்டுகள் நிற்கின்றன. நீ காலேஜில் சேர்ந்த வருடம் ஷெட்டைக் கூட்டிப் பெருக்க வந்தாள். இன்று என்னால் செய்ய முடிகிற எல்லா வேலையும் அவளுக்கும் தெரியும். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்யவும் விட்டேன். டேப்பைத் தொடங்குவதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் சுற்று நேராகப் பிடித்ததா, சாய்ந்ததா என்பது விரலுக்குத்தான் தெரியும். அது என்னுடையது என்று வைத்துக்கொண்டேன்.

இனி நீ கேட்ட கேள்வி. நீ பார்க்கிறாய் என்பதற்காக மூடவில்லை. நீ பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆபீசில் இருந்துகொண்டு நீ என்னைப் பார்ப்பாய் என்று தெரிந்த முதல் நாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தேன். கஸ்தூரி அதையும் விடவில்லை, "ஹீரோயினு வந்துகினுகீது" என்றாள். போன வாரம், ஒரு பைக்கின் ஆயில் வடிக்கும் ஓட்டையில் டேப்பைத் தொடங்கினேன். சாய்ந்து பிடித்தது. எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். மறுபடி சாய்ந்தது. எனக்குத் தெரியவில்லை. கண்ணால் குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. விரல் ஒன்றுமே சொல்லவில்லை. தெரிந்த வீட்டில் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது போல இருந்தது. உள்ளே ஆள் இல்லை. அப்போது தலைக்குமேல் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு. நீ ஆபீசில் மீட்டிங்கில் இருந்திருப்பாய், பார்த்திருக்கமாட்டாய். ஆனால் பதிவாகிறதே. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே. கஸ்தூரி டப்பா கழுவப் போனதும் ஸ்டூலை இழுத்தேன். நீ சொன்னது சரி என்பதைத்தான் நான் மறைத்தேன்.

முந்தாநாள் தனசேகர் வந்தான். சேக்காட்டுக்காரன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சாயங்காலம் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீடு சேர்ப்பதும் அவன்தான். ஸ்பார்க் பிளக் மாட்டுகிற ஓட்டையில் மரை போய்விட்டது. தானே மாட்டி, தானே இன்னும் ஓர் இழுப்பு. ஹெட் என்பது சிலிண்டரின் மேல்மூடி. அதில்தான் பிளக் ஓட்டை இருக்கிறது. ஹெட்டைக் கழற்றிச் செய்தால் பயமில்லை, ஆனால் நேரம் ஆகும். அவன் கெஞ்சினான். "ஹெட்டக் கய்ட்டாம முட்ச்சிக் குடுக்கா. ஸ்கூல் உட்டா புள்ளைங்க கேட்டாண்டயே நிக்கும்." அப்படியும் செய்வோம். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு, டேப்பில் கெட்டியாக கிரீஸ் தடவினால் வெட்டிய துகள் அதிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வரும். குனிந்து, கண்ணால் பார்த்துப் பார்த்துத் தொடங்கினேன். நேராகத்தான் பிடித்தது. எனக்கே கொஞ்சம் பெருமை. காயிலை இறக்கினேன். வாலை உடைத்தேன். உடைந்த சத்தம் கேட்டது. பிளையரை வெளியே எடுத்துப் பீங்கான் தட்டின்மேல் விரித்தேன். ஒன்றும் விழவில்லை.

கஸ்தூரி தரையைக் கூட்டினாள். டார்ச் அடித்துப் பார்த்தாள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். தனசேகர், "காந்தம் உட்டுப் பாரேன்" என்றான். "அது எவர்சில்வர் ஜாதி நைனா, காந்தத்துக்கு மசியாது." "உடுக்கா அப்ப. அம்மாத்தூண்டு கம்பி இன்னா பண்ணிடப் போவுது? வண்டி தும்மித் துப்பிடும்." நான் சொன்னேன், "வால் கிடைக்காம வண்டி போகாது தனசேகர். ஹெட்டைக் கழட்டணும்." அவன் முகம் மாறிவிட்டது. "அது வேணாம்னுதான் காலையிலேர்ந்து கெஞ்சிகினுகீறேன்!" பிறகு ஏதோ நல்ல யோசனை வந்தவன்போல மேலே பார்த்தான். "அக்கா, கேமரா கீதே! போட்டுப் பாத்தா வாலு எங்க போச்சுன்னு தெரிஞ்சிடும்..." நிறுத்தினான். "இன்னாக்கா இது? அதுக்குப் போயி பனியன் மாட்டி வெச்சிகிற?"

கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை. ஒரு வாரமாக அவளும் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எந்தப் பேயையும் விட்டுவைக்காதவள், இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஸ்பானர் டிரேயை எடுத்து வந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். தனசேகர் யாருக்கோ போன் போட்டான். "மச்சான், என் டிரிப்பு இன்னிக்கி நீ எட்த்துக்கடா. புள்ளைங்க பத்தரம். வண்டி நிக்கிது. இன்னான்றியா? வால காணோம்டா. வாலுடா, வாலு. சிரிச்சன்னா ஒதைப்பேன், வெய்டா போன."

ஹெட் கழன்றது. சிலிண்டருக்குள் ஒன்றும் இல்லை. பிஸ்டன்மேல் இல்லை. வால்வு இருக்கிற குழிகளில் இல்லை. துடைத்து, ஊதி, மறுபடி துடைத்துப் பார்த்தோம். தனசேகர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னான். "இல்லியேக்கா. சும்மா இருந்த வண்டிய கய்ட்டிப் போட்டாச்சு." டீ வந்தது. கிளாசை வாங்கினேன். வாங்கிய கையைக் கஸ்தூரி பிடித்துக்கொண்டாள். கிளாசின் மேல் சிவப்பாக ஒரு கோடு. "அக்கா. ஆடாத." பனியன் வேஸ்டால் என் ஆள்காட்டி விரலைத் துடைத்தாள். கிரீஸ் போக, நுனியில், சதைக்குள் குத்தி நின்றுகொண்டிருந்தது. "வாலு உன் வெரல்லயே கீதுக்கா."

அந்த மூக்குப் பிளையராலேயே இழுத்து எடுத்தாள். "வலிக்கல?" "இல்ல." அவள் வாலைத் தட்டில் வைத்தாள். பீங்கானில் அது விழுந்த சத்தம், அவ்வளவு சின்னச் சத்தம், எனக்கு நன்றாகக் கேட்டது. ஓர் ஆளுடைய நாள் போய்விட்டது, ஒரு நல்ல என்ஜின் பிரிந்து கிடக்கிறது, எல்லாம் என் விரலில் இருந்ததைத் தேடி. தனசேகர் தட்டைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். "சுகராக்கா?" என்றான். ஆமாம் என்றேன். "எங்கம்மாக்கும் இப்டித்தான். செருப்பு கய்ண்டு உய்ந்தாக்கூடத் தெரியாது, நடந்துகினே இருக்கும்." பிறகு வாலை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். "வாலு வாங்கிட்டேன்பா, இனிமே வண்டி ஊட்டுக்குப் போலாம்ல?" கஸ்தூரிதான் முதலில் சிரித்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கஸ்தூரி கடைக்குப் போய், ஹெட்டுக்கு அடியில் காற்று கசியாமல் வைக்கிற கேஸ்கட் புதிதாக வாங்கி வந்தாள். ஹெட்டைத் திரும்ப மாட்ட வேண்டும். அதன் நட்டுகள் எல்லாம் ஒரே அளவு இறுக வேண்டும். ஒன்று கூடினாலும் ஒன்று குறைந்தாலும் காற்று கசியும். இதுவரை என் மணிக்கட்டுதான் அதற்கு அளவு. நீ முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வந்தாய், நினைவிருக்கிறதா? அளவு வைத்து முறுக்கினால், அந்த அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் போடும் ஸ்பானர். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் கைக்குத் தெரியாததா இதுக்குத் தெரியப்போகுது?" என்றேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு வேறு அறைக்குப் போனாய். அந்தப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. கஸ்தூரி இழுத்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். கிளிக். அவள் கையை எடுத்துவிட்டாள். அடுத்த நட்டு. கிளிக். கையை எடுத்துவிட்டாள். ஒன்றில்கூட இன்னொரு இழுப்பு இல்லை. என் கைக்குத் தெரியாதது என் காதுக்குத் தெரிந்தது. உன் பரிசைப் பிரிக்க எனக்கு இத்தனை காலம் ஆனது. வண்டி முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.

ஷெட் ஓனரிடம் நீ பேசியது எனக்குத் தெரியும். டீக்கடையில் அவரே சொன்னார். "மாசக் கடைசில காலி பண்ணிடுவீங்கன்னு தம்பி சொன்னாப்லயேம்மா. உங்களுக்குத் தெரியாதா?" தெரியும் என்று சொல்லிவைத்தேன். டீ ஆறிப்போய்விட்டது, குடித்தேன். அடுத்த மாதம் நீங்கள் நெதர்லாந்து போகிறீர்கள். போவதற்குள் என்னைப் பாரிவாக்கத்தில், லிஃப்டும் செக்யூரிட்டியும் இருக்கிற இடத்தில், நன்றாக மூடி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று உனக்கு. ஒழுகக் கூடாது, கொட்டக் கூடாது. காலையில் ஒரு போன், மருந்து போட்டாச்சா என்று ஒரு போன், சாப்பிட்டாச்சா என்று ஒரு போன், கேமரா ஏன் ஆடுகிறது என்று ஒரு போன். எடுக்காவிட்டால் கஸ்தூரிக்குப் போன். உன்னிடம் கோபித்துக்கொள்ள எனக்குச் சக்தி இல்லை. நீ வேறு யார் மாதிரி இருப்பாய்? ஆனால் அந்தப் பாட்டிலைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த பையனும் நீதான். அவனை ஒருமுறை கேட்டுப் பார்.

நான் முடிவு செய்தது இது. ஷெட் இருக்கும். ஓனரிடம் நீயே கூப்பிட்டு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள். அதை நான் செய்தால் நீ சின்னப் பையனாகிவிடுவாய், எனக்கு அது வேண்டாம். டேப்பை இனி நான் தொடமாட்டேன். அது கஸ்தூரியுடையது. நான் பார்ப்பேன், கேட்பேன், வருகிறவர்களிடம் பேசுவேன், தட்டில் வால் இருக்கிறதா என்று நின்று பார்ப்பேன். அவளிடம் காலையில் சொன்னேன். "நெசமாவாக்கா?" என்றாள். பிறகு, "நீ சொல்லுவன்னு ஒரு வாரமா பாத்துகினுகீறேன்" என்றாள். அவளும் காத்திருந்திருக்கிறாள். என் விரலை அவள் எனக்கு முன்பே கவனித்திருக்கிறாள். நீ கேமரா மாட்டிய அன்று அவள் கேட்ட கேள்விக்கு இப்போதாவது பதில் சொல். நீ ஊரில் இல்லாதபோது எனக்கு ஏதாவது ஒன்றென்றால் சொல்லப்போவது அவள்தான், அந்தச் சிவப்பு விளக்கு அல்ல.

நரம்பு டாக்டரிடம் போவதற்கு நிவேதாவை ஒருநாள் கேள். அவள் வந்தால் போகிறேன். நீ வராதே, டாக்டர் சொல்வதற்கு முன்பே உன் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஃபிளாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஜன்னல்களைத் திறந்துவைக்கிறேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அங்கே தங்கமாட்டேன். போன் காலையில் ஒன்று போதும். எடுக்காவிட்டால் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள். பெரும்பாலும் அதுதான் உண்மையாக இருக்கும். ஒருநாள் உண்மையாக இல்லாமலும் போகலாம். அதை உன்னால் எவ்வளவு இறுக்கி வைத்தாலும் தடுக்க முடியாது கண்ணா. என்னாலும் முடியாது. விமான நிலையத்தில் அழமாட்டேன் என்று உறுதி தர இயலாது. கஸ்தூரியையும் கூட்டிவருவேன், அவள் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பாள்.

கரன்ட் வந்துவிட்டது. பக்கத்து பிரஸ் தொடங்கிவிட்டது, மேஜை அதிர்கிறது, எழுத்து கோணுகிறது. வாசலில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். "நான் ஒண்ணுமே பண்லக்கா" என்று தொடங்கியாயிற்று. நிறுத்துகிறேன்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். கஸ்தூரி அதைப் பிடித்துக்கொள்ள, ஏறித் துணியை எடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பிளாஸ்திரி ஒட்டிய விரலோடு இரண்டு கைகளையும் அதற்கு முன்னால் விரித்துக் காட்டினேன். பிறகு இறங்கி, டேப்பை எடுத்துக் கஸ்தூரியிடம் கொடுத்தேன்.